கருப்பு வெள்ளை ஷட்டர் டிவி: நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது உதவ முடியுமா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய 20 இஞ்ச் கருப்பு வெள்ளை டிவி ஒன்று இருக்கிறது. மரப்பெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர், கீழே நான்கு மரக்கால். கம்பெனிப் பெயர்ப் பட்டை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. சாலிடேர் என்று அப்பா அடித்துச் சொல்கிறார், டயனோராதான் என்று அத்தை சொல்கிறார், இரண்டுமே சென்னைக் கம்பெனி என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. போஸ்ட் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம் பின்மூடிக்குள் செருகியிருந்தது, அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கியது என்று நினைக்கிறேன்.

2011-ல் தானே புயல் அடித்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதற்கு அப்புறம் யாரும் இதைப் போடவே இல்லை. இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். காயலான் கடைக்குப் போட அப்பா சம்மதிக்கவில்லை, ஓடுகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடலாம் என்கிறார்.

தூசி தட்டிவிட்டுப் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் ஸ்பீக்கரில் 'கொர்' என்று சத்தம், அதற்கும் பிறகு திரையின் நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு, நூல் கனம்தான் இருக்கும், ஆனால் கண் கூசுகிற வெளிச்சம். மேலேயும் கீழேயும் கும்மிருட்டு. பெட்டியின் பக்கவாட்டில் அப்பா பழைய பழக்கத்தில் ஒரு தட்டு தட்டினார், அந்தக் கோடு ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து மறுபடி சுருங்கிவிட்டது. பின்னால் 'ஸ்ஸ்' என்று விடாமல் ஒரு சத்தமும் காரமான ஒரு நெடியும். பயந்துபோய் அணைத்துவிட்டோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தபோது பிக்சர் டியூப்பில் ரப்பர் மூடி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய ஒளி தெரிந்தது.

இங்கே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம். பின்மூடியைக்கூட கழற்றவில்லை. டியூப் போய்விட்டது, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு எல்இடி டிவி ஒன்றைப் பொருத்தித் தருகிறேன், ஷட்டர் அப்படியே இருக்கும் என்றார். உண்மையிலேயே டியூப் போய்விட்டதா? எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஃபேன், மிக்ஸி ரிப்பேர் செய்வேன், ஈயம் வைப்பேன். டிவி பக்கம் போனதில்லை. வீட்டில் பழைய ஸ்டெபிலைசர் இருக்கிறது, அதில்தான் போட்டேன், அதனால் ஷாக் பயம் இல்லை என்று நினைக்கிறேன்.

பரண்மேல்

ஷட்டர் டிவியா? சிவப்புப் பாதரசம் உள்ளே இருக்கும், லட்சக்கணக்கில் வாங்குகிறார்களாமே. கழற்றி வீணாக்காதீர்கள் நண்பரே.

பழைய யோக் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

பாதரச ஆசாமிக்கு முதலில். கருப்பு வெள்ளை செட்டுகளைக் கழற்றிக் கழற்றியே என் தலை நரைத்தது. ஒன்றில்கூட சிவப்பாகவோ பச்சையாகவோ பாதரசம் பார்த்ததில்லை, டிவி சர்க்யூட்டில் அதற்கு வேலையும் இல்லை. அது ஊரை ஏமாற்றுகிற கூட்டம் கட்டிவிட்ட கதை. முன்பணம் கேட்டு யாராவது போன் செய்தால் போலீசில் சொல்லுங்கள்.

கெடிலக்கரை தம்பி, டியூப் போகவில்லை. போயிருந்தால் அந்தக் கோடே வராது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு இழுக்க வேண்டும் என்றால் டியூப்புக்குள் ஹீட்டர் எரிய வேண்டும், டியூப்புக்குப் போகிற உயர் வோல்ட், அதாவது இ.எச்.டி., 15 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும், நொடிக்கு 15,625 தரம் கதிரை இடது வலது ஓட்டுகிற ஹரிசான்டல் பகுதி முழுசாக வேலை செய்ய வேண்டும். அந்த ஹரிசான்டல் பகுதிதான் இ.எச்.டி.யையும் கொடுக்கிறது, செட்டில் விலை ஏறின பாகம், இன்றைக்குத் தேடினாலும் கிடைக்காத பாகம் எல்லாம் அந்தப் பக்கம்தான். உங்கள் செட்டில் அதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அந்தக் கோடே சொல்கிறது. கதிரை நொடிக்கு 50 தரம் மேலும் கீழும் இழுக்கிற வெர்டிகல் பகுதி மட்டும் படுத்திருக்கிறது. பெரும்பாலும் செலவு கம்மியான வேலை. டியூப்பைத் தூக்கிப் போடு என்றவர் கோட்டைப் பார்த்தும் அப்படிச் சொன்னார் என்றால் அவருக்கு எல்இடி விற்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது, தட்டினால் ஒரு சாண் விரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். வெர்டிகல் பகுதியை ஓட்டுகிற ஐசி சில்லு வெந்துபோயிருந்தால் தட்டினாலும் குத்தினாலும் விரியாது. போர்டில் எங்கேயோ ஒரு பாகத்தின் கால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. ஈயம் விட்டிருக்கும், இல்லை நம் ஊர் உப்புக்காற்றில் கால் அரித்திருக்கும். கடலூரிலும் இங்கேயும் கடற்கரைப் பக்கத்து வீட்டு செட்டுகளில் பாதிக்குப் பாதி இந்தக் கோளாறுதான் வரும்.

இனிமேல் போட்டால் பிரைட்னஸை நன்றாகக் குறைத்துவிட்டு, கோடு மங்கலாகத் தெரிகிற அளவில் வையுங்கள். மொத்த வெளிச்சமும் ஒரே இடத்தில் விழுவதால் திரையின் உள்பூச்சு கருகி நிரந்தரமாகத் தழும்பு விழுந்துவிடும். நல்ல டியூப்பை அப்படிக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது ஸ்டெபிலைசர் விஷயம். தம்பி, அதை நம்பிக் கை வைத்துவிடாதீர்கள். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், கரண்டைப் பிரிக்காது, வோல்ட்டைக் கூட்டும் குறைக்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்து செட்டுகளில் மெயின்ஸ் நேராக ரெக்டிஃபையருக்குப் போகும், உள்ளே எல்லாம் பொருத்தியிருக்கிற சேஸிஸ் தகடே லைவ், தொட்டால் ஷாக். பிளக்கைத் திருப்பிக் குத்தினால் சரியாகிவிடும் என்பார்கள், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்ட செட்டில் எப்படிக் குத்தினாலும் லைவ்தான். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் வைத்தது அழகுக்கு மட்டும் இல்லை. திறந்து வைத்து வேலை செய்வதாக இருந்தால் மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கிற 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். அது இல்லாமல் மீட்டர் பிடிக்காதீர்கள், எனக்குப் பழக்கம் உண்டு என்றாலும் வேண்டாம்.

அதோடு ஒரு சீரிஸ் போர்டு செய்துகொள்ளுங்கள். 100 வாட் குண்டு பல்பு, டிவியோடு தொடர் இணைப்பில். போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். இத்தனை வருஷம் கிடந்த ஃபில்டர் கண்டென்சருக்கு முழு வோல்ட் ஒரே அடியாகப் போகாமல் இருக்கவும் இதுதான் வழி.

'ஸ்ஸ்' சத்தம் தனிக் கோளாறு, அதற்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ரப்பர் மூடி என்று நீங்கள் சொல்வதற்கு ஆனோட் கேப் என்று பெயர். ரப்பர் இறுகிப்போய், அதைச் சுற்றிக் கண்ணாடியில் உப்பும் தூசியும் படிந்து, ஈரக்காற்றில் இ.எச்.டி. அங்கே கசிகிறது. நெடி ஓசோன். துடைத்தால் போய்விடும், ஆனால் துடைக்கிறதற்கு முன்னால் டியூப்பை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். டியூப் பெரிய கண்டென்சர் மாதிரி, அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும்.

டியூப்பின் முதுகில் கருப்புப் பூச்சின் மேல் உறையில்லாத பின்னல் வயர் ஒன்று குறுக்கே ஓடும். ஒரு வயரின் இரண்டு முனையிலும் க்ளிப் வைத்து, ஒரு க்ளிப்பை அந்தப் பின்னல் வயரில் மாட்டுங்கள், இன்னொன்றை நல்ல கைப்பிடி உள்ள நீள ஸ்க்ரூடிரைவரின் கம்பியில். பிளக் சுவரிலிருந்து வெளியே இருக்கட்டும். ஒரே கையால் ஸ்க்ரூடிரைவரை ரப்பருக்கு அடியில் மெதுவாக நுழைத்து நடுவில் இருக்கிற கொக்கியைத் தொட வேண்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடுங்கள், கண்ணாடிக்குள் மிச்சம் இருப்பது மேலே ஏறி வரும். சேஸிஸில் க்ளிப் போட்டு டிஸ்சார்ஜ் செய்ய வேண்டாம், டிரான்சிஸ்டர், ஐசி எல்லாம் சேர்ந்து போய்விடும். டியூப்பின் கழுத்தைப் பிடித்து ஒருக்காலும் தூக்காதீர்கள், உரசாதீர்கள்.

இதையெல்லாம் செய்வீர்கள் என்றால் சொல்லுங்கள், மேற்கொண்டு எங்கே மீட்டர் வைப்பது என்று சொல்கிறேன். வெர்டிகல் பக்கம் என்ன ஐசி என்று பார்த்து எழுதுங்கள். பின்பக்கம் 'வி ஹோல்ட்', 'ஹைட்' என்று எழுதின குமிழ்கள் இருக்கும், அதற்கு நேர் உள்ளே போர்டில் இருக்கும்.

டயோடு தம்பி (லாஸ்பேட்டை)

யோக் ஐயா சொன்னதோடு என் பங்குக்கு. இவ்வளவு பழைய செட்டில் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் எல்லாமே வறண்டிருக்கும், ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்காமல் மொத்தமாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் நல்லது, வெளிநாட்டில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ரிச்சி தெருவில் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிடலாம். அப்புறம் இப்போது ஆண்டெனாவில் ஒன்றும் வராது, அதனால் வீடியோ ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு வயரைப் பற்றவைத்து வெளியே மஞ்சள் சாக்கெட் வைத்துவிட்டால் செட்டாப் பாக்ஸ் நேராகப் போடலாம். நான் ஒரு சின்ன போர்ட்டபிள் டிவியில் செய்திருக்கிறேன், படம் அருமையாக வந்தது.

பழைய யோக்

தம்பி, அந்த போர்ட்டபிள் 12 வோல்ட்டில் ஓடுவதாக இருந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் போட்டு சேஸிஸ் பிரிந்திருக்கும். அதில் செய்யலாம். லைவ் சேஸிஸ் செட்டில் மஞ்சள் சாக்கெட் வைத்தால் என்ன ஆகும்? சாக்கெட்டின் வெளி வளையம் சேஸிஸ், சேஸிஸ் லைவ், அங்கிருந்து வயர் வழியாக செட்டாப் பாக்ஸின் தகடு லைவ், ரிமோட் எடுக்க வருகிற குழந்தை அதைத் தொட்டால் போச்சு. ஆண்டெனா சாக்கெட்டில் மட்டும் கம்பெனிக்காரன் பாதுகாப்புக்காக இரண்டு கண்டென்சர் வைத்துப் பிரித்திருப்பான், படம் உள்ளே போக வேண்டிய வாசல் அது ஒன்றுதான். அந்தக் கண்டென்சரை யாராவது முன்பு ஷார்ட் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட வேண்டும், புள்ளி விழுகிறது என்று அப்படிச் செய்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

மொத்தமாக மாற்றுவது பற்றி. எனக்கு உடன்பாடு இல்லை. இந்த செட்டில் போர்டு பழுப்பு நிற பேக்கலைட், கொஞ்சம் அதிக நேரம் சூடு காட்டினால் செம்புக் கோடு உரிந்து வந்துவிடும். ஒரே நாளில் முப்பது நாற்பது கால்களைக் கழற்றி மாட்டிவிட்டுப் போட்டால், புதுசாக ஒரு கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. மார்க்கெட்டில் இப்போது போலிக் கண்டென்சர் வேறு, பெரிய டப்பாவுக்குள் சின்னதை வைத்து விற்கிறான். ஒன்றை மாற்று, போட்டுப் பார், சரியா, அடுத்ததுக்குப் போ. ஃபில்டர் கண்டென்சர் பருத்திருந்தாலோ கசிந்திருந்தாலோ அதை மாற்றலாம், ஆட்சேபணை இல்லை.

டயோடு தம்பி

லைவ் சேஸிஸ் விஷயம் சரி ஐயா, நான் செய்தது 12 வோல்ட் செட்தான். கண்டென்சர் விஷயத்தில் மட்டும் இன்னமும் என் கட்சி வேறு. பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக் இன்றைக்கு ஓடினாலும் அடுத்த வருஷம் ஓடும் என்று சொல்ல முடியாது.

கெடிலக்கரை

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்டெபிலைசர் விஷயம் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் வியர்த்துவிட்டது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தெரிந்த ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருந்தது, வாங்கி வந்தேன். சீரிஸ் போர்டும் செய்தாயிற்று, இப்போது குண்டு பல்பு கிடைப்பதுதான் கஷ்டம், கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடையில் பரண் மேலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். போட்டதும் பளிச்சென்று எரிந்து மங்கியது.

டிஸ்சார்ஜ் செய்தபோது நீங்கள் சொன்ன 'டப்' வந்தது. கேப்பைச் சுற்றி கண்ணாடியில் கருப்பாகக் களிம்பு மாதிரி படிந்திருந்தது. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு கேப்பைச் சுற்றி மட்டும் துடைத்தேன், ரப்பரின் உள்பக்கமும். உலரவிட்டுப் போட்டால் சத்தம் போன இடம் தெரியவில்லை. நெடியும் இல்லை.

வெர்டிகல் ஐசி டிடிஏ 1170. ஹரிசான்டல் அவுட்புட்டில் பியூ 205 டிரான்சிஸ்டர். இப்போது எங்கே மீட்டர் வைக்க வேண்டும்? கழுத்துக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சு தெரிகிறது, அது இருக்கலாமா?

பழைய யோக்

இருக்கலாமாவா, இருக்கத்தான் வேண்டும். அதற்கு கெட்டர் என்று பெயர். வெள்ளி மாதிரியோ கருப்புக் கண்ணாடி மாதிரியோ பளபளப்பாக இருந்தால் டியூப்புக்குள் வெற்றிடம் நன்றாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பாக இருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதோடு கதை முடிந்தது.

1170 நல்ல ஐசி, இரண்டு பக்கமும் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தகட்டைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், சூடு அது வழியாகத்தான் இறங்கும். சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி அங்கே ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மீட்டரின் கருப்பு வயரை, செட் அணைந்திருக்கும்போதே க்ளிப் போட்டு சேஸிஸில் மாட்டிவிடுங்கள். போட்ட பிறகு சிவப்பு வயர் மட்டும் கையில், மற்ற கை வேறு எங்கும் படக்கூடாது. முதலில் மெயின் பி ப்ளஸ், அதாவது செட்டின் முக்கிய டிசி சப்ளை, இந்த மாதிரி செட்டில் பெரும்பாலும் 110 வோல்ட் பக்கம் இருக்கும், சீரிஸ் பல்பு இருப்பதால் கொஞ்சம் கம்மியாகக் காட்டும். அப்புறம் வெர்டிகல் ஐசிக்கு வருகிற சப்ளை, இருபது சொச்சம் வோல்ட். பல செட்டுகளில் இது இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு டயோடும் ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸும் வழியாக வரும். சப்ளையே இல்லை என்றால் அந்த ரெசிஸ்டன்ஸ் போயிருக்கும், ஐசி ஷார்ட் ஆனால் முதலில் அதுதான் போகும். சப்ளை இருந்தால் அவுட்புட் காலைப் பாருங்கள், சப்ளையில் ஏறத்தாழ பாதி இருக்க வேண்டும். பாதி வந்தால் ஐசி பெரும்பாலும் பிழைத்தது.

பிறகு செட்டை அணைத்து, டியூப்பின் கழுத்தில் மாட்டியிருக்கிற, கதிரைத் திருப்புகிற சுருள் தொகுதிதான் யோக், அதன் வெர்டிகல் சுருளை ஓம்ஸில் பாருங்கள். ஓப்பன் என்று காட்டாமல் குறைந்த ஓம்ஸ் ஏதாவது காட்டினால் போதும். கடைசியாக, ஐசி அவுட்புட்டுக்கும் யோக்குக்கும் நடுவில் ஒரு பெரிய எலக்ட்ரோலைட்டிக் இருக்கும், 1000 அல்லது 2200 மைக்ரோ ஃபேரட். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

பூஸ்டர் வீடு (அரியாங்குப்பம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஷட்டர் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அடுத்த கட்டத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கோடு விரிந்து திரை முழுசும் வெளிச்சம் வந்தாலும் ஆண்டெனாவில் புள்ளிதான் பறக்கும். தூர்தர்ஷன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மாடியில் அந்த நீள பைப்பும் ஆண்டெனாவும் இன்னமும் காக்கைக்கு உட்கார இருக்கிறது. சென்னை தூர்தர்ஷனுக்கு ஒரு பக்கம், 1982-ல் இலங்கை ரூபவாஹினி வந்த பிறகு அதற்கு ஒரு பக்கம் என்று அந்தப் பைப்பைத் திருப்புவதற்கே வீட்டில் ஒரு ஆள் மாடியில் நிற்கும். காற்று அடங்கின ராத்திரிகளில் கடலைத் தாண்டி அது தெளிவாக வரும், சிங்களம் ஒரு வார்த்தை புரியாமலே விளம்பரப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தையும் சத்தத்தையும் ஆண்டெனாவில் வருகிற மாதிரி ஒரு சேனலாக மாற்றிக் கொடுக்கிற ஆர்எஃப் மாடுலேட்டர் உங்களுக்கு வேண்டும். செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை வயர் அதற்குள் போகும், ஆண்டெனா வயர் அதிலிருந்து வரும். வாங்கும்போது விஎச்எஃப் சேனல் கொடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது வருகிற பல சின்ன டப்பாக்கள் யுஎச்எஃப் மட்டும்தான் கொடுக்கும், அது 21-ஆம் சேனலுக்கு மேல். 'கடக் கடக்' என்று திருப்புகிற பழைய ட்யூனரில் 12-ஆம் சேனலோடு சரி, எவ்வளவு திருப்பினாலும் கிடைக்காது. சில பழைய கேபிள் பாக்ஸிலும் வீடியோ கேசட் பிளேயரிலும் மாடுலேட்டர் உள்ளேயே இருக்கும், எனக்கு இங்கே காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பிளேயர் ஒன்று கிடைத்தது, டேப் ஓடாது, மாடுலேட்டர் மட்டும் ஓடுகிறது, அது போதும் எனக்கு.

டிவியின் பின்னால் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால் அது 300 ஓம்ஸ் தட்டை வயருக்கு. கேபிள் வயர் 75 ஓம்ஸ். நடுவில் பேலன் ஒன்று போட வேண்டும், கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

கெடிலக்கரை

அக்கா, ரொம்ப நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை.

யோக் ஐயா, அளவுகள்: பி ப்ளஸ் 104. ஐசி சப்ளை 22. அவுட்புட் கால் 11-க்குக் கொஞ்சம் கூட. யோக் சுருள் ஓப்பன் இல்லை. ஐசியின் தகட்டில் ஒரு பக்கம் விரிசல் வளையம் நன்றாகவே தெரிந்தது, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தேன். போட்டுப் பார்த்தால் அதே கோடு.

அப்புறம் நீங்கள் சொன்ன பெரிய கண்டென்சர். 1000 மைக்ரோ, 35 வோல்ட். மேலே பார்த்தால் நன்றாக இருக்கிறது, பருக்கவில்லை. விரலால் லேசாக அசைத்தேன் (பிளக் வெளியே, டிஸ்சார்ஜும் செய்துவிட்டுத்தான்), ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நெகட்டிவ் கால் பச்சை பூத்து, போர்டிலிருந்து எழும்பி வருகிற இடத்தில் முடி கனத்துக்கு இளைத்திருக்கிறது. இரண்டாவது தரம் அசைத்ததும் கையோடு வந்துவிட்டது. ஒரு கால் போர்டில், உடம்பு என் கையில்.

இதே அளவு என்னிடம் இல்லை. 1000 மைக்ரோ 50 வோல்ட் இருக்கிறது, ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரில் கழற்றியது. போடலாமா?

பழைய யோக்

வோல்ட் கூட இருந்தால் தாராளமாகப் போடலாம், குறையத்தான் கூடாது. சோதனைக்கு அதைப் போடுங்கள், ஓடினால் புதுசு வாங்கி 105 டிகிரி என்று அச்சடித்ததாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். ப்ளஸ் பக்கம் ஐசி அவுட்புட்டைப் பார்த்து இருக்க வேண்டும், பழையது இருந்த மாதிரியே. தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். கால் முறிந்த இடத்தில் போர்டில் பச்சை மிச்சம் இருக்கும், பிளேடால் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஈயம் வையுங்கள். அந்தப் பச்சையின் மேலேயே பற்றவைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி வந்து நிற்பீர்கள்.

கெடிலக்கரை

விரிந்துவிட்டது! திரை முழுக்க வெளிச்சம். சீரிஸ் பல்பு இருந்தபோது இரண்டு ஓரமும் கொஞ்சம் சுருங்கியிருந்தது, பல்பை எடுத்ததும் நிரம்பிவிட்டது. மாடுலேட்டர் பழைய கேபிள் சாமான் வைத்திருக்கிற ஒருவரிடம் கிடைத்தது, விஎச்எஃப் கொடுக்கிறது, பேலன் போட்டு, ட்யூனரை ஒவ்வொரு சேனலாகத் திருப்பினேன், மூன்றில் படம் வந்தது. ட்யூனர் குமிழைத் தொட்டால் படம் துள்ளுகிறது, அப்பா அதைப் பிடித்துக்கொண்டே செய்தி பார்த்தார்.

இப்போது இரண்டு சந்தேகம். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தம் வரவில்லை, வெறும் இரைச்சல். ஃபைன் ட்யூனிங்கை எவ்வளவு திருப்பினாலும் படம் போகிறது, சத்தம் வரவில்லை. மாடுலேட்டருக்குள் வெள்ளை வயர் சரியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, படத்தின் மேல்பக்கம் நசுங்கியிருக்கிறது. செய்தி வாசிக்கிறவருக்கு நெற்றியே இல்லை.

பூஸ்டர் வீடு

சத்தத்துக்கு நான் சொல்கிறேன். மாடுலேட்டரின் பின்னாலோ அடியிலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், இல்லை மெனுவில் இருக்கும், பி/ஜி, ஐ, டி/கே என்று. நம் நாட்டு டிவிக்கு பி/ஜி. அதில் படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி சத்தம் வரும், ஐ என்றால் 6, டி/கே என்றால் 6.5. படம் எல்லாவற்றிலும் வந்துவிடும், சத்தம் மட்டும் டிவி காத்திருக்கிற இடத்தில் வராது. எனக்கும் இதே தலைவலி இருந்தது, ஸ்பீக்கரையே மாற்றப் போனோம்.

பழைய யோக்

சகோதரி சொன்னதுதான். முதலில் அந்த சுவிட்சைப் பாருங்கள், சவுண்ட் பக்கம் கை வைக்காதீர்கள்.

நெற்றிக்கு: 'வி லின்' என்று ஸ்க்ரூடிரைவரால் திருப்புகிற சின்ன குமிழ், பிரீசெட் என்போம், ஒன்று இருக்கும், 'ஹைட்' பக்கத்திலேயே. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றைத் திருப்பி இன்னொன்றைச் சரிசெய்து கொண்டுவர வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றது மாறும். திருப்பும்போது படம் குதித்தால் பிரீசெட்டுக்குள் கார்பன் தடத்தில் அழுக்கு படிந்திருக்கிறது, காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு முழுசும் பல தரம் திருப்பி எடுங்கள். திருப்புவதற்கு முன்னால் இப்போது எங்கே இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அப்படியும் நெற்றி வரவில்லை என்றால் ஐசியைச் சுற்றியிருக்கிற சின்ன எலக்ட்ரோலைட்டிக்குகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், டயோடு தம்பி சொன்னதை இந்த இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ட்யூனர் துள்ளுவதற்கும் கிளீனர்தான், ட்ரம்மில் இருக்கிற கான்டாக்ட்டில் மட்டும் விடுங்கள், உள்ளே இருக்கிற சுருள்களை அழுத்தவோ இழுக்கவோ கூடாது.

டயோடு தம்பி

இந்த இடத்தில் மட்டுமா? சரி, இதுவே பெரிசு.

கெடிலக்கரை

டி/கேயில் இருந்தது. பி/ஜிக்குத் தள்ளியதும் சத்தம் வந்துவிட்டது, அந்தக் காலத்து மரப்பெட்டிச் சத்தம், எங்கள் எல்இடியில் இப்படி இல்லை. 'வி லின்' திருப்பி முக்கால்வாசி நெற்றி வந்துவிட்டது, மிச்சத்துக்குக் கண்டென்சர் வாங்கப் போகிறேன். கடைசியாக ஒன்று, புது வீட்டில் கூடத்தில் வைத்து தினமும் ஓட்டலாமா?

பழைய யோக்

தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், சும்மாவே வைத்திருப்பதும் கெடுதல். ஆள் இல்லாதபோது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வேண்டாம், மழைக்காலத்தில் போடுவதற்கு முன் கேப் பக்கம் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். பின்மூடிக்கு ஸ்க்ரூ எல்லாமும் போட்டு இறுக்கின பிறகுதான் குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டும். மரத்துக்குக் கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் செட்டை வெளியே எடுத்துவிட்டு அடியுங்கள்.

உப்பளம்காரன்

ஐயா, இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் செட்டையும் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கும் கோடுதான், ஆனால் மேலிருந்து கீழாக நிற்கிறது. அதே கண்டென்சரை மாற்றினால் போதுமா?

பழைய யோக்

நிற்கிற கோடா? அது வேறு. இ.எச்.டி. இருக்கிறது, ஆனால் யோக்கின் ஹரிசான்டல் சுருளுக்குக் கரண்ட் போகவில்லை, யோக் சாக்கெட்டில் பின் கருகியிருக்கும் அல்லது அந்த வரிசையில் இருக்கிற கண்டென்சர் திறந்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். இப்போதே அணைத்துவிட்டு, படத்தோடு தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.